நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

எங்கள் லாய் குலத்து வம்சப் புத்தகத்தின்படி எனக்கு முப்பது வருஷமாக வேறொரு புருஷன் இருக்கிறான். அவனை நான் மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடவையே போதும் போதும் என்றாகிவிட்டது.

நடந்தது இதுதான். 1993-இல் எங்கள் ஊர் ஷிக்கெங்கில் வம்சப் புத்தகத்தைத் திருத்தி அச்சடித்தார்கள். முப்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் திருத்துவார்கள். நடுவில் யார் பிறந்தாலும், செத்தாலும், ஊரைவிட்டு ஓடினாலும் புத்தகத்தில் கை வைக்கக் கூடாது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஷாங்பிங் ஊர்க் குவாங் வீட்டில் நிச்சயமாகியிருந்தது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து நிரப்பித் தரச் சொன்னார்கள். கல்யாணம்தான் அடுத்த மாதம் நடக்கப்போகிறதே என்று அப்பா முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அந்தக் குவாங் பிள்ளை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அப்பா ஆசையாக அவன் கிண்ணத்தில் வைத்த கோழிக்காலை எடுத்து மேசைக்கடியில் கிடந்த நாய்க்குப் போட்டான். "எங்க வீட்டுல இதவிடப் பெரிசா வெட்டுவோம்" என்றான். மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் முறிந்துபோனது. படிவம் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஸோ என்ற பேருந்து ஓட்டுநரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷர். கோழிக்கால் கிடைத்தால் எலும்பைக்கூட விடமாட்டார். எங்களுக்கு ஒரு மகள். புத்தகத்தில் நான் யார் பெண்டாட்டியாக இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காலத்தில் பெண்கள் புத்தகம் வைத்திருக்கும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். போன இலையுதிர் காலத்தில், அடுத்த திருத்தத்துக்கு என்னைப் பிழை பார்க்கக் கூப்பிட்டபோதுதான் முதல்முறையாக நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அதில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'சுவான்குய். மனைவி ஹுவாங் வீட்டுப் பெண். மகன் ஒருவன், ஜியாஹே. அண்ணன் சுவான்ஃபூவுக்குத் தத்தாகச் சென்றான். மகள் ஒருத்தி, ஷாங்பிங் குவாங் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டாள்.'

என் பெயர் இல்லை. மெய்யுன் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு, அதை வைத்ததும் அப்பாதான். பெயரே இல்லாமல், கட்டாத வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டு, முப்பது வருஷமாக நான் அந்தப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறேன். அன்றைக்கே அப்பாவிடம் போய்க் கேட்டேன். "அது பழைய சங்கதி" என்று சொல்லிவிட்டு வானொலியைச் சத்தமாக வைத்தார்.

நான் மாவட்ட அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். மற்றவர்கள் பிழையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். என் பிழையை மட்டும் விட்டுவிட முடியுமா?

எங்கள் புத்தகத்தில் பெயர்கள் அச்சில் வரும், கோடுகள் வராது. அப்பனையும் பிள்ளையையும் சேர்க்கும் கோட்டைக் கையால்தான் இழுக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குச் சிவப்பு, தத்துப் பிள்ளைக்கு நீலம். பிள்ளை இல்லாதவன் பெயருக்குக் கீழே கோடு கிடையாது. வம்சம் 'நின்றது' என்று பொருள்படும் ஒரே ஒரு சீன எழுத்தைக் கையால் எழுதுவார்கள். பன்னிரண்டு பிரதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கு மேல் கோடுகள். கை நடுங்காத ஆள் வேண்டும் என்று தேடினார்கள். ஊரில் இருக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு வயதால் கை நடுங்குகிறது, மீதிப் பேருக்கு அரிசி மதுவால். கடைசியில் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

புத்தகக் குழுவுக்குத் தலைவர் சுவான்லூ சித்தப்பா. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. டிராக்டர் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்ததால் என்ஜினுக்கு மேலே கத்திப் பேசியே பழகியவர். ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். பனிக்காலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் அவர்தான் புது விதியைக் கொண்டுவந்தார்: மகளின் பெயரையும் எழுதலாம்; அப்பா எழுதிக் கேட்டுக் கட்டைவிரல் ரேகை வைத்தால் அவளுக்கும் சிவப்புக் கோடு உண்டு.

"பொண்ணுங்களுக்கெல்லாம் கோடு போட்டா புத்தகம் சிலந்தி வலையாயிடும்" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"இப்ப மட்டும் என்னவாம், பாதி அறுந்த வலையாத்தான் இருக்கு" என்றேன். கூட்டத்தில் சிரித்தார்கள். விதி நிறைவேறியது.

ஐம்பத்துமூன்று அப்பன்மார் மகளுக்குக் கோடு கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படிவமாக நான்தான் பிரித்தேன். அப்பாவுடையது வரவில்லை. ஐந்தாம் மாதத்து டிராகன் படகுத் திருவிழா முடிந்த மறுநாள்தான் வந்தது. மகள் என்ற கட்டம் காலியாக இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி: 'என் மகன் ஜியாஹேவைத் திரும்ப என் பெயருக்குக் கீழே, சிவப்புக் கோட்டோடு சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

நேராக வீட்டுக்குப் போனேன். அப்பா சமையலறையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது, இன்னும் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்வார்.

"அப்பா, இது என்ன?"

"படிக்கத் தெரியும்ல? முப்பது வருஷம் அதானே வேல உனக்கு?"

"ஜியாஹே அண்ணனக் கொடுத்து அறுபது வருஷம் ஆச்சு."

"கொடுத்தேன். அடுத்ததும் பையன்தான்னு நெனச்சுக் கொடுத்தேன்."

அடுத்தது நான். என்னோடு சரி. எனக்குப் பத்து வயதாகும்போது அம்மா போய்விட்டாள்.

"இப்ப எதுக்குத் திரும்பக் கேக்கறீங்க?"

"போன தடவ எம்பேருக்குக் கீழ காலியா விட்டாங்க. ஐம்பத்தாறு வயசுதானே, இன்னொருத்தியக் கட்டிப் பையன் பெத்துக்குவேன்னு மரியாதைக்கு எடம் விட்டாங்க. இந்தத் தடவ யாரு விடுவா? 'நின்றது'ன்னு எழுதிடுவாங்க. இனி முப்பது வருஷத்துக்கு அத அழிக்க முடியாது. நான் மேல போய் எங்கப்பன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மக இருக்கான்னு சொல்லுங்க."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "நீ இருக்கேன்னு அவருக்குத் தெரியும். நான் கோட்டப் பத்திப் பேசறேன்."

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன. இருந்தும் 'என்னைப் போடுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அவராகத் தர வேண்டும். நானாகக் கேட்டு வாங்கினால் அது வெறும் சிவப்பு மை. அந்தக் கோடு எனக்கு வேண்டும், அதுவும் அவர் மனசிலிருந்து வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசை இருப்பதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

சுவான்லூ சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். "படிவமெல்லாம் உங்கிட்டதானே இருக்கு? உம்பேரையும் சேத்து எழுதிடு. உங்கப்பன் தூங்கறப்ப நான் போயி கட்டவிரலப் புடிச்சு அமுக்கிட்டு வந்துடறேன்."

"சத்தமில்லாம ஒரு காரியம் உங்களால செய்ய முடியுமா சித்தப்பா?"

"அது கஷ்டந்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

தத்துப் போனவனைத் திரும்ப எடுக்க மூன்று விரல் வேண்டும்: கொடுத்தவர், வாங்கியவர், போனவன். படிவத்தில் அப்பாவின் விரல் இருந்தது. மீதி இரண்டையும் வாங்கி வரும் வேலை குழுவில் யாருடையது என்று பார்த்தால், அதுவும் என்னுடையதுதான்.

பெரியம்மா வீடு எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம். பெரியப்பா சுவான்ஃபூ அணைக்கட்டு வேலையில் மண் சரிந்து இறந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது. பெரியம்மாவுக்கு இருபத்திரண்டு. ஐந்து வருஷம் கழித்து என் அண்ணன் ஜியாஹேவை அப்பா அவளுக்குக் கொடுத்தார். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தும் நாங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தோம். அவனை நான் பெரியப்பா மகன் என்று சொல்லித்தான் பள்ளியில் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினேன்.

நான் போனபோது பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து காய்ந்த மூங்கில் குருத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது வலக்கைப் பக்கக் கூடையில், சொத்தை இடக்கைப் பக்கக் கூடையில். அண்ணன் கொட்டகையில் நீர் வடிவதற்காகக் குருத்துகளின் மேல் கல் ஏற்றிக்கொண்டிருந்தான். பெரியம்மாவுக்கு இடக்காது கேட்காது. வலக்காதின் பக்கம் உட்கார்ந்து படிவத்தை இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"அப்ப உம் பெரியப்பா பேருக்குக் கீழ?"

"'நின்றது'ன்னு வரும் பெரியம்மா."

"அந்த மனுஷன் என்னோட குடும்பம் நடத்துனது பதினோரு மாசம். அதுலயும் ஆறு மாசம் அணைக்கட்டுலயே கெடந்தாரு. அவரு பேரு நின்னா என்ன, ஓடினா என்ன? கொண்டா மை." 

கட்டைவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்தினாள். விரல் ஆடவில்லை. துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி குருத்துகளை எடுத்தாள். நல்ல குருத்துகளாக எடுத்து எடுத்து இடக்கைப் பக்கக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து படிவத்தைப் படித்தான். மையைத் தொடவில்லை.

"எனக்கு அப்ப நாலு வயசு, மெய்யுன். அவருதான் எங்கையப் புடிச்சு இந்த வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தாரு. 'இனிமே இதான் உங்கம்மா, நான் உன் சித்தப்பா'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனாரு. அன்னைலேர்ந்து சித்தப்பான்னுதான் கூப்பிடறேன். ஒரு நாள் வாய் தவறிக்கூட மாத்திக் கூப்பிட்டதில்ல. திரும்ப வேணும்னா அவரே வரட்டும். எங்கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும். வரேன்."

"வருவாருன்னு நெனக்கறியா?"

"இருநூறு அடி. அறுபது வருஷமா வரலியே."

இதை அப்பாவிடம் சொன்னேன். "கால் வலிக்குது" என்றார். அன்று காலைதான் சந்தைக்கு நடந்து போய்க் கோழிக்குஞ்சு வாங்கி வந்திருந்தார்.

ஆறாம் மாதம் ஆறாம் நாள் பழைய புத்தகங்களை வெயிலில் காயவைக்கும் நாள். இந்த வருஷம் அதுவே கடைசிக் கெடுவும். சூரியன் இறங்குவதற்குள் வராத படிவத்தை வராததாகவே வைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். மற்ற எல்லாத் தாளும் அச்சாகி வந்துவிட்டன. நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் நான் பிடித்து வைத்திருந்தேன். சித்தப்பா அதற்காக என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

குல மண்டபத்து முற்றத்தில் மூங்கில் பாய்களை விரித்துப் பழைய பிரதிகளைத் திறந்து வைத்திருந்தோம். கற்பூரக்கட்டி வாசனை. வந்தவர்கள் அவரவர் பக்கத்தைக் குனிந்து பார்த்து, தாத்தாவைக் காட்டி, பேரனைக் காட்டி, தர்ப்பூசணி தின்றார்கள். ஓரத்தில் மேசை போட்டு, மையும் தூரிகையுமாக நான் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சற்று நேரத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மாவும் வந்தாள். யாரும் திட்டம் போட்டு வரவில்லை. ஷிக்கெங்கில் அன்றைக்கு வேறு எங்கே போவது?

"தம்பி, கால் வலி சரியாப் போச்சா?" என்றாள் பெரியம்மா.

"கொஞ்சம் பரவால்ல, அண்ணி."

"நான் விரல் வெச்சுட்டேன். பையன் உன் வாயால கேக்கணும்கறான். கேளு, நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி உங்கண்ணன் பேருல இருக்கறதப் படிக்கச் சொல்றேன். அவரு காதுலயும் விழட்டும். மெய்யுன், படிடி. எனக்கும் கேக்கற மாதிரி."

சத்தமாகப் படித்தேன். 'சுவான்ஃபூ. இருபத்துநாலாம் வயதில் அணைக்கட்டு வேலையில் மறைந்தார். மனைவி வென் வீட்டுப் பெண். மகன் ஜியாஹே, தம்பி சுவான்குய்யிடமிருந்து தத்து வந்தான்.' சுவான்ஃபூவுக்கும் ஜியாஹேவுக்கும் நடுவில் நீலக் கோடு வெளுத்துப்போய்ச் சாம்பல் நிறமாக இருந்தது.

அப்பா தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். அண்ணன் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். மூங்கில் கறை ஏறிய அவன் வலது கை மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அப்பா நிமிர்ந்தபோது அந்தக் கையைப் பார்த்தார்.

"அணைக்கட்டுலேர்ந்து அவனத் தூக்கிட்டு வந்தப்ப தலைமாட்டுல நான்தான் புடிச்சேன்" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "உம்பேரு நிக்காதுண்ணே, நான் பாத்துக்கறேன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் படிவத்தக் கிழிச்சுடு. எங்கையால அண்ணன் பேருக்குக் கீழ அந்த எழுத்த எழுதவெக்க மாட்டேன். எம்பேருக்குக் கீழயே எழுதிக்கோ."

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். அவன் முகத்தில் வருத்தமா நிம்மதியா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். பெரியம்மா அவன் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள், கீழே விழாமல் இருப்பதற்குப் பிடிப்பது போல. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். "பெரிய மனசு", "அண்ணன்னா இப்படித் தம்பி வேணும்" என்றார்கள். தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் காது சூடாயிற்று. எல்லோரும் அப்பாவைப் பார்க்கிறார்கள், அண்ணனைப் பார்க்கிறார்கள், செத்துப்போன பெரியப்பாவைக்கூடப் பார்க்கிறார்கள். அவருடைய தடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும் என்னை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. தூரிகையை மேசையில் வைத்தேன்.

"நான் எழுத மாட்டேன்."

"என்ன மெய்யுன் இது, உங்கப்பனே சொல்லிட்டாரு" என்றார் சித்தப்பா.

"அவரு சொல்லுவாரு. பெத்த மக எதிர்ல நிக்கறேன். எங்கப்பனுக்குப் பிள்ளையே இல்லன்னு எங்கையாலயே எழுதணுமா? நீங்க வேற ஆளப் பாருங்க. கை நடுங்கினாலும் பரவால்ல, யாராவது எழுதட்டும். நான் மாட்டேன்."

குரல் உடைந்துவிட்டது. மொத்தக் குலத்துக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. என்ன செய்வது, வந்துவிட்டது.

"என்ன சொல்றா?" என்று பெரியம்மா கேட்டாள். அண்ணன் அவள் வலக்காதில் சொன்னான். அவள் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, உங்கப்பன் பேருல இருக்கறதயும் படி. அதுல அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு கேப்போம்."

படித்தேன். 'மகள் ஒருத்தி, ஷாங்பிங் குவாங் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டாள்' என்று முடித்தேன். பிறகு யாரோ, "குவாங் வீடா? அப்ப நம்ம பஸ் மாப்பிள்ள யாரு?" என்று கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ரெண்டு கல்யாணம்னு சொல்லவே இல்லையே மெய்யுன்!" என்று இன்னொரு குரல்.

"அது வந்து... கல்யாணம் அடுத்த மாசம்னு இருந்துச்சு" என்றார் அப்பா.

பெரியம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "ஒண்ண எனக்குக் கொடுத்தே. இன்னொண்ண நடக்காத கல்யாணத்துக்குக் கொடுத்தே. உனக்குன்னு எதத்தான் வெச்சுக்கிட்டே, தம்பி?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இதுல பேரே இல்லியே."

"இல்ல."

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"நீங்கதான்."

அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வெயில் நகர்ந்துவிட்டதால் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பாய்களை இழுத்துக் கிழக்குப் பக்கம் போட்டார்கள். மறுபக்கம் காய்வதற்காகத் தாள்களைத் திருப்பினார்கள். அப்பா அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் மண்டபத்து ஓட்டைத் தொட்டபோது, "இன்னொரு படிவம் இருக்கா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். தொடையில் வைத்தே எழுதினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு மை கலக்கினேன். கலந்த மையையே திரும்பக் கலக்கினேன். அவர் விரல் வைத்து நீட்டியபோதுதான் வாங்கிப் பார்த்தேன். மகன் கட்டத்தில் 'ஜியாஹே, அண்ணன் வீட்டில்' என்று இருந்தது. மகள் கட்டத்தில், 'மெய்யுன். ஸோ வீட்டுக்குப் போயிருக்கிறாள். என் மகள். கோடு வேண்டும்' என்று இருந்தது. 'என் மகள்' என்று எழுதும் வழக்கம் அந்தப் படிவத்தில் கிடையாது. பிழை திருத்துகிறவளாக நான் அதை அடித்திருக்க வேண்டும்.

சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, தன்னால் முடிந்த அளவு மெல்லச் சொன்னார். மண்டபத்து வாசல்வரை கேட்டது. "சுவான்குய் அண்ணே, இவ பொண்ணு ஸோ வீட்டுப் பேருலதானே இருக்கா. விதிப்படி மெய்யுன் பேருக்குக் கீழ 'நின்றது'ன்னு வருமே?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. இந்த முறை அது எனக்கான பயம்.

"வரட்டும் சித்தப்பா" என்றேன். "எம்பொண்ணு ஷியாமென்ல இருக்கா. எடை வேற நாலு கிலோ ஏறிடுச்சுன்னு தினம் போன்ல பொலம்பறா. புத்தகத்துல நின்னுபோனா அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

மூன்று நாள் கழித்து நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் அச்சாகி வந்தது. நான் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்ப் பன்னிரண்டு தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலில் நீல மை தொட்டு, ஸ்கேல் வைத்து, பெரியப்பாவையும் அண்ணனையும் சேர்த்தேன். பன்னிரண்டும் நேராக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் எண்ணிக்கொண்டிருந்த பெரியம்மா, "நல்ல கரு நீலம். வெளுக்காதுல்ல?" என்று மூன்று முறை கேட்டாள்.

பிறகு சிவப்பு மையைத் திறந்தேன். அப்பாவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தபோது வாசலில் தடிச் சத்தம் கேட்டது.

"அத நீயே போட்டுக்குவியா? கொடு இங்க" என்றார் அப்பா.

தூரிகையைக் கொடுத்தேன். அவர் கை நடுங்குவது ஊருக்கே தெரியும். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டைக்குத்தான். பெரியம்மாவைக் கூட்டிவந்திருந்த அண்ணன் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ள வந்தான். அப்பா அதை முழங்கையால் தள்ளினார்.

"அது எதுக்கு? எம்பொண்ணு எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதா?"

தன் பெயருக்குக் கீழே தூரிகையை வைத்து மெல்ல இறக்கினார். கோடு முதலில் இடப்பக்கம் போயிற்று, பிறகு எதையோ மறந்தது போல வலப்பக்கம் திரும்பிற்று, கடைசியில் என் பெயரின் தலையில் வந்து இடித்தது. அண்ணன் அந்தத் தாளை எடுத்துக் காயவைத்துவிட்டு அடுத்த தாளை வைத்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அப்பா கையை உதறிக்கொண்டு இளைப்பாறினார். நானே போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆயிற்று.

"கோணல்" என்றாள் பெரியம்மா, ஐந்தாவது தாளில்.

"நீ சும்மா இரு அண்ணி. பிழ பாக்கற ஆள் இங்க இருக்கா." பன்னிரண்டாவது கோட்டை முடித்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். "கோணலாவா இருக்கு?"

"கோணல்தான்."

"திருத்தணுமா?"

நான் பன்னிரண்டு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணில் நீர் கட்டியதால் கோடுகள் இன்னும் கோணலாகத் தெரிந்தன.

"வேணாம்பா" என்றேன்.

மறுநாள் தாள்களைத் தைத்து, பன்றி வெட்டி, பட்டாசு கொளுத்திப் பெட்டிகளைப் பூட்டினார்கள். இருபத்துநாலாயிரம் கோடுகளுக்கு மேல் நான் ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறேன். ஒன்றுகூட வளையவில்லை. வளைந்தவை அந்தப் பன்னிரண்டு மட்டும்தான். இனி முப்பது வருஷத்துக்கு அவற்றை யாரும் தொட முடியாது.